புறப்பாடல்களில் போரின் வலி

நுழையும்முன்

போரைப் பற்றிய பாடல் என்றவுடன் வெற்றி முழக்கமும் வீரன் மார்பில் பெற்ற விழுப்புண்ணும் நம் நினைவுக்கு வருகின்றன. சங்கப் புறப்பாடல்களைச் சிறுவகுப்பு முதலே நாம் அவ்வாறுதான் படித்து வந்துள்ளோம். அது தவறான வாசிப்பு அன்று. ஆனால், முழுமையான வாசிப்பும் அன்று. வீரத்தைப் போற்றிய புலவர்களே, அவ்வீரத்திற்காக எளிய மனிதர்கள் கொடுத்த விலையையும் தம் பாடல்களில் எழுதி வைத்துள்ளனர். அந்த விலையைக் கண்டறிய இப்பாடம் துணைசெய்கிறது.

சுமப்பார் இல்லாத முரசு

சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒருவரோடொருவர் பொருதனர். போரின் முடிவில் வென்றவர் எவரும் இலர். இருவருமே களத்தில் வீழ்ந்தனர். அக்களத்தைக் கழாத்தலையார் புறநானூற்றின் 62ஆம் பாடலிலும், பரணர் 63ஆம் பாடலிலும் பாடியுள்ளனர்.

பரணரின் பாடல் ஒரு கணக்கெடுப்பைப் போல நகர்கிறது. அம்பு தைத்த யானைகள் இனிச் செய்வதற்குத் தொழிலின்றி மாண்டன. புகழ்பெற்ற குதிரைகள் தம் வீரர்களோடு அங்கேயே வீழ்ந்தன. தேரில் வந்த சான்றோர் தம் கேடயங்களே கண்களை மறைக்க ஒருங்கே மடிந்தனர். வாரால் இறுகக் கட்டப்பட்ட முரசங்கள், சுமப்பவர் இல்லாமையால், இருந்த இடத்திலேயே கிடந்து ஒழிந்தன. இவ்வளவும் சொன்ன பிறகே, சாந்து பூசிய மார்பில் வேல் பாய்ந்து அரசர் இருவரும் இறந்ததைப் புலவர் கூறுகிறார்.

இவ்வரிசை நம் கவனத்திற்கு உரியது. போரைத் தொடங்கியவர்கள் அரசர்கள். பாடலிலோ அவர்கள் இறுதியில் வருகின்றனர். அவர்களுக்கு முன்னரே யானையும் குதிரையும் பெயர் தெரியாத வீரர்களும் மடிந்துவிட்டனர். முரசு படையை நடத்தும் கருவி. அரசனின் ஆணையை ஒலியாக மாற்றுவது. அதைச் சுமக்க ஒரு தோள்கூட எஞ்சவில்லை என்னும் ஒரு செய்தியே, எத்தனை பேர் இறந்தனர் என்னும் எண்ணைவிட அழிவின் அளவை நமக்குத் தெளிவாக உணர்த்திவிடுகிறது.

அடுத்துப் பரணர் களத்தை விட்டு ஊருக்குத் திரும்புகிறார். ஆம்பல் தண்டால் வளையல் செய்து அணிந்த பெண்கள், பசிய அவலை வாய்நிறைய உண்டு, குளிர்ந்த நீரில் பாய்ந்து விளையாடும் வளமான நாடு அது. அந்நாடு இனி என்னவாகும் என்று வினவுகிறார். வினாவிற்கு விடை இல்லை. களத்தின் குருதியைக் கண்ட கண்களுக்கு முன்னால் ஒரு நீர்த்துறையின் மகிழ்ச்சியைக் காட்டி, அம்மகிழ்ச்சி இனி இராது என்பதைச் சொல்லாமல் விடுவதே இப்பாடலின் ஆற்றல்.

கழாத்தலையார் வேறொரு வழியில் அதே களத்தைக் காட்டுகிறார். போரின் முடிவில் களத்தைத் தனதாக்கிக்கொள்வது வென்றவனின் உரிமை. இங்கோ பன்னூறு வீரர் நெருங்கியிருந்த பாசறையில் களத்தைக் கொள்வதற்கு உரியவர் எவரும் இல்லை. வீரர்களின் மனைவியர் கைம்மை நோன்பிற்குரிய கீரை உணவை உண்ணவும் இல்லை. குளிர்ந்த நீரில் மூழ்கவும் இல்லை. தம் கணவரின் மார்பைத் தழுவியவாறு அங்கேயே அடங்கினர். பாடல், அரசர்களின் புகழ் பொலிக என்னும் வாழ்த்தோடு முடிகிறது. ஆனால், அவ்வாழ்த்தைக் கேட்பதற்கு அவ்விருவரும் உயிரோடு இல்லை. எந்த நிலத்தையும் எவரும் பெறாத ஒரு போரில் எஞ்சியது புகழ் ஒன்றே என்பதைப் புலவரின் வாழ்த்தே காட்டிவிடுகிறது.

இவ்விரு பாடல்களும் தும்பைத் திணையைச் சார்ந்தவை. ஆநிரைக்காக நிகழும் போரை வெட்சி என்றும், மண்ணாசையால் எழும் போரை வஞ்சி என்றும், மதிலைக் கொள்ளும் போரை உழிஞை என்றும் வகுத்த தொல்காப்பியர், வலிமையே பொருளாக நிகழும் போரைத் தும்பை என்கிறார். ஆநிரையும் மண்ணும் மதிலும் பெறக்கூடிய பொருள்கள். யார் வலியர் என்று நிறுவுவது மட்டுமே தும்பையின் நோக்கம். இருவரும் இறந்துபட்ட களத்தில் அந்த நோக்கமும் நிறைவேறவில்லை.

தோற்பது யார்?

அழிவு நிகழ்ந்தபின் பாடுவது ஒருவகை. நிகழும் முன்னரே தடுக்க முனைவது மற்றொரு வகை. கோவூர்கிழார் இரண்டாம் வகையைச் சார்ந்தவர். சோழர் குடியைச் சார்ந்த நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே பகை முற்றியபோது அவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.

ஆவூர்க் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம் அவர் கோட்டைக்குள் நிகழ்வதை எடுத்துரைக்கிறார் (புறநானூறு 44). நீராட்டும் கவளமும் இன்றி யானைகள் துதிக்கை நிலத்தில் புரளப் பெருமூச்சு விடுகின்றன. பாலின்றிக் குழந்தைகள் அலறுகின்றன. மகளிர் பூவற்ற வெறுந்தலையை முடிந்துகொள்கின்றனர். நீரற்ற வீடுகளிலிருந்து புலம்பல் கேட்கிறது. அறத்தை விரும்பினால் வாயிலைத் திறந்து நாட்டைக் கொடு. மறத்தை விரும்பினால் வாயிலைத் திறந்து போரிடு. இரண்டும் செய்யாமல் மதிலுக்குள் ஒளிந்திருப்பது நாணத்தக்கது என்கிறார்.

புலவர் வாளின் கூர்மையைப் பேசவில்லை; பாலையும் நீரையும் பூவையும் பேசுகிறார். அன்றாட வாழ்வில் இருப்பதே தெரியாமல் இருக்கும் எளிய பொருள்கள் இவை. போர் வந்தவுடன் முதலில் மறைவனவும் இவையே. கோட்டை மதில் இன்னும் இடியவில்லை. ஆயினும் உள்ளே வாழ்க்கை இடிந்துவிட்டது.

உறையூரில் நெடுங்கிள்ளி அடைத்திருக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தபோது அவர் இருவருக்கும் கூறிய அறிவுரை 45ஆம் பாடல். எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் அல்லன். வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்திப்பூவால் ஆனவையே. இருவரும் வெல்வது இயலாது. ஒருவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். போரின் பயனின்மையை விளக்க அவருக்கு நீண்ட தத்துவம் தேவைப்படவில்லை; இருவர் தலையிலும் இருந்த ஒரே பூ போதுமானதாக இருந்தது.

பாசறையின் இரவு

பகலில் நடப்பது போர். இரவில் தெரிவது அதன் வலி. பத்துப்பாட்டு நூல்களுள் இரண்டு, பாசறையின் இரவை மிக அருகில் இருந்து காட்டுகின்றன.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதியில் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் அரசன் உறங்காமல் பாசறைக்குள் நடக்கிறான். காற்றில் விளக்குகளின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்கிறது. வேப்பந்தழை கட்டிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே சென்று, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். சேணம் களையப்படாத குதிரைகள் சேறு நிறைந்த தெருவில் நின்று, தம் மேல் விழும் மழைத்துளிகளை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடப்புறம் தழுவிக்கொண்டு, வாளேந்திய இளைஞன் ஒருவனின் தோளில் கைவைத்தபடி அரசன் செல்கிறான். உடன் வருபவர் சிலரே.

அரசன் களிற்றின் மேல் இல்லை; சேற்றில் நடக்கிறான் என்பதை நாம் நோக்க வேண்டும். களத்தில் யானைகளின் துதிக்கை நிலத்தில் புரள வெட்டி வீழ்த்திய வீரர்கள் இப்போது எழ முடியாமல் கிடக்கின்றனர். பகலில் அவர்கள் அரசனுக்காகச் சென்றனர். இரவில் அரசன் அவர்களிடம் வருகிறான். இப்பாடலின் முற்பகுதியில், அரண்மனையின் அழகிய கட்டிலில் அரசி தனித்துக் கண்ணீர் வடிக்கிறாள். அரண்மனையில் அவளுக்கு உறக்கமில்லை; பாசறையில் அவனுக்கு உறக்கமில்லை. போர் வெற்றியில் முடியினும் எவரும் நிம்மதியாகக் கண்மூடவில்லை.

நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு 103 அடிகளை உடையது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது இதுவே. இதிலும் பாசறையில் அரசன் உறங்காதிருக்கிறான். வேல் பாய்ந்த வலியில் தன் பிடியை மறந்த களிற்றை எண்ணுகிறான். வெட்டுண்ட துதிக்கை பாம்பைப்போல் துடித்ததை எண்ணுகிறான். உண்ட சோற்றுக்குரிய கடனை உயிரால் தீர்த்து மடிந்தவர்களை எண்ணுகிறான். அம்பு தைத்த குதிரை செவியைச் சாய்த்து, தீனி உண்ணாமல் வருந்தி நின்றதை எண்ணுகிறான். ஒரு கை படுக்கையில் ஊன்றியிருக்க, மறு கை தலையைத் தாங்கியிருக்கிறது.

செஞ்சோற்றுக் கடன் என்பது பண்டைப் போர்ச் சமுதாயத்தின் முதன்மையான அறம். உணவு அளித்தவனுக்கு உயிரை அளிப்பது கடமை எனக் கருதப்பட்டது. முல்லைப்பாட்டு அவ்வறத்தை மறுக்கவில்லை. ஆனால், கடனைப் பெற்றுக்கொண்டவனின் உறக்கம் கெட்டதை எழுதி, சோறும் உயிரும் ஒரே துலாக்கோலில் நிறுக்கத்தக்கனவா என்று நம்மை எண்ணவைக்கிறது. வாயற்ற விலங்கின் சாய்ந்த செவி, அதற்கு விடை போல நம் முன் நிற்கிறது.

வீட்டிற்குள் வந்த போர்

களத்தில் விழாமல் திரும்பியவனின் நிலை என்ன? அரிசில்கிழாரின் பாடல் (புறநானூறு 281) அதற்கு விடை தருகிறது. புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனைவி தன் தோழியை அழைக்கிறாள். இரவமரத் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டில் செருக வேண்டும். யாழும் பிற கருவிகளும் ஒலிக்க வேண்டும். மையிழுதைப் பூச வேண்டும். வெண்சிறுகடுகைத் தூவ வேண்டும். ஆம்பற் குழலை ஊத வேண்டும். மணியை அடிக்க வேண்டும். காஞ்சிப் பண் பாட வேண்டும். நறும்புகை எழுப்ப வேண்டும். இவ்வளவும் செய்து, அவனுடைய புண்ணைக் காப்போம் வா என்கிறாள். கணவனின் புண்ணைப் பேய் தீண்டாதவாறு மனைவி காக்கும் இக்காட்சியைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்னும் துறையாகக் குறிப்பிடுகிறது.

அவள் தன் கணவனை அறிமுகப்படுத்தும் முறை சிந்திக்கத்தக்கது. அவன் இத்தனை பகைவரை வீழ்த்தியவன் என்று அவள் கூறவில்லை. வேந்தனுக்கு நேரவிருந்த துன்பத்தைத் தான் தாங்கிக்கொண்டவன் என்கிறாள். போர்வீரனின் வாழ்வை இதைவிடச் சுருக்கமாக விளக்க இயலாது. துன்பம் வேந்தனுடையது, புண் வீரனுடையது, உறங்காத இரவு அவன் மனைவியுடையது.

கணவனை இழந்தவளின் குரலையும் புறநானூறு பதிவு செய்துள்ளது. வன்பரணரின் பாடலில் (புறநானூறு 255) காட்டிடையே இறந்து கிடக்கும் கணவனின் அருகில் ஒருத்தி தனித்து நிற்கிறாள். வாய்விட்டு அழுதால் புலி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். அணைத்துத் தூக்க முயன்றால் அகன்ற அவன் மார்பைத் தூக்க அவளுக்கு வலிமை இல்லை. அறமற்ற கூற்றம் தன்னைப் போலவே நடுங்கட்டும் என்று சினக்கிறாள். பின்பு, தன் வளையணிந்த கையைப் பற்றிக்கொண்டு மலை நிழல்வரை சிறிதே நடந்து வருமாறு அவனிடமே வேண்டுகிறாள். இறந்தவன் நடக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அறிவு ஏற்றுக்கொண்டதை மனம் ஏற்க மறுக்கும் அந்த ஒரு கணமே பாடலாகியுள்ளது. இவ்வாறு கடுஞ்சுரத்தில் கணவனை இழந்தவள் புலம்புவது முதுபாலை எனப்படும்.

தெரிந்து தெளிவோம்

தாபதநிலை: கணவனை இழந்த பெண் கைம்மை நோன்பு மேற்கொள்வதைக் கூறும் துறை. ஒக்கூர் மாசாத்தனாரின் பாடலில் (புறநானூறு 248) ஒரு பெண் வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அவளுக்குத் தழையாடையாக உதவிய அதே ஆம்பல், கணவன் இறந்தபின், வேளை தவறிய பொழுதில் உண்ணும் அல்லியரிசியாக மாறிவிட்டது. அவன் எவ்வாறு இறந்தான் என்பதைப் பாடல் கூறவில்லை. பரணரின் 63ஆம் பாடலில் பெண்கள் அணிந்த ஆம்பல் வளையலை இதனோடு ஒப்பிட்டு நோக்கினால், ஒரே பூ மகிழ்ச்சிக்கும் துயருக்கும் அடையாளமாவதை உணரலாம்.

மீண்டும் படிக்க வேண்டிய தாய்

ஒக்கூர் மாசாத்தியாரின் பாடலை (புறநானூறு 279) மறக்குடி மகளின் வீரத்திற்குச் சான்றாக நாம் படித்திருப்போம். முன்னொரு நாள் போரில் அவளுடைய தந்தை யானையை வீழ்த்திக் களத்தில் மடிந்தார். நேற்றைய போரில் கணவன் ஆநிரையை மீட்கும்போது இறந்தான். இன்று போர்ப்பறை கேட்டவுடன், ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளாடை உடுத்தி, அவனுடைய உலர்ந்த குடுமியில் எண்ணெய் தடவிச் சீவி, களம் நோக்கி அனுப்புகிறாள்.

இப்பாடல் வாகைத் திணையின் மூதின்முல்லைத் துறையில் அமைந்தது. மறக்குடியின் பெருமையைக் கூறுவதே அத்துறை. அப்பெருமையை மறுக்க வேண்டியதில்லை. எனினும், பாடலின் தொடக்கத்தை நோக்குவோம். அவளுடைய சிந்தை கெடட்டும், அவளுடைய துணிவு கொடியது என்னும் பொருளில்தான் கவிஞர் தொடங்குகிறார். அது வியப்பின் மொழி என்று உரையாளர்கள் விளக்குவர். ஆயினும், வியப்பைக் கூறக் கவிஞர் தேர்ந்த சொற்களில் ஒரு நடுக்கமும் கலந்திருக்கிறது. பறையொலி கேட்ட அத்தாய் விருப்பம் கொண்டாள் என்று மட்டும் அவர் கூறவில்லை. அவள் மயங்கினாள் என்றும் சேர்த்தே கூறுகிறார்.

எண்ணெய் தடவிச் சீவும் செயலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேல் கொடுப்பது போருக்குரிய செயல். தலையில் எண்ணெய் தடவுவது தாய்க்குரிய செயல். ஒவ்வொரு நாளும் செய்ததை அன்றும் செய்கிறாள். அடுத்த நாள் அதைச் செய்ய இயலுமா என்பது பாடலில் இல்லை. மூன்று தலைமுறை ஆண்களையும் போர் வரிசையாக அழைத்துக்கொண்ட வீட்டில், பெருமையும் பேரிழப்பும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன.

பெயரற்றவர்கள்

இதுவரை கண்ட பாடல்களில் அரசர்களுக்குப் பெயர் உண்டு. பாடிய புலவர்களுக்கும் பெயர் உண்டு. கேடயம் கண்ணை மறைக்க மடிந்தவனுக்கும், மனைவி காத்த புண்ணுக்கு உரியவனுக்கும், எண்ணெய் தடவிய குடுமியோடு சென்ற மகனுக்கும் பெயர் இல்லை. படைவீரனின் வாழ்வில் உள்ள துயரங்களுள் இதுவும் ஒன்று. போரின் பெயர் நிற்கிறது. அரசனின் பெயர் நிற்கிறது. போரைச் சுமந்தவனின் பெயர் நிற்பதில்லை.

அக்குறையைக் கல் ஓரளவு தீர்த்தது. வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுக்கும் மரபைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. களத்தில் கூட்டத்தில் ஒருவனாக விழுந்தவன், ஊர் எல்லையில் தனி ஒருவனாக எழுந்து நின்றான்.

தெரியுமா?

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழிப் பொறிப்புடன் கூடிய நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் உயிர்நீத்த வீரன் ஒருவனின் பெயரைத் தாங்கியுள்ளது.

பாடல் வேறொரு வழியில் அவர்களைக் காத்தது. பெயரைத் தராவிட்டாலும், புண்ணையும் விளக்கொளியையும் குதிரையின் சாய்ந்த செவியையும் தந்தது. புறப்பாடல் புலவர்கள் போரை முற்றிலும் மறுத்தவர்கள் அல்லர். அரசர்களின் கொடையால் வாழ்ந்தவர்கள் அவர்கள். வீரத்தை உயர்ந்த அறமாக மதித்த காலத்தில் பாடியவர்கள். அவர்களை இக்காலப் போர் எதிர்ப்பாளர்களாகக் காட்டுவது பொருந்தாது. ஆயினும், புகழ்வதற்காக வந்த இடத்தில் கண்ட துயரை அவர்கள் மறைக்கவில்லை. அந்நேர்மையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பாடல்களை நம்மிடம் பேசச் செய்கிறது.

தொல்காப்பியர் வாகைக்கு அடுத்துக் காஞ்சியை வைத்தார். வாகை வெற்றி, காஞ்சி நிலையாமை. ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது, வென்றவன் யார் என்னும் வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. அதைச் சுமந்தவர்கள் யார், அவர்கள் வீட்டில் அன்றிரவு விளக்கு எரிந்ததா என்னும் வினாக்களையும் தொடர்ந்து கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கக் கற்றுக்கொள்வதே புறப்பாடல்களை முழுமையாகப் படிப்பதாகும்.

நூல்வெளி

புறநானூறு எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று. புறப்பொருள் பற்றிய 400 பாடல்களைக் கொண்ட தொகுப்பு. இவற்றுள் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதர் 1894ஆம் ஆண்டு இந்நூலைப் பதிப்பித்தார். தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாக வகுக்கிறது. காஞ்சியை நிலையாமை பற்றியதாகக் கொள்கிறது. பிற்கால நூலான புறப்பொருள் வெண்பாமாலை, பகைவரை எதிர்த்து ஊன்றி நிற்பதைக் காஞ்சி என்கிறது.

கற்பவை கற்றபின்...

1. புறநானூறு 62, 63ஆம் பாடல்களை உரையுடன் படித்து, ஒரே களத்தை இரு புலவர்களும் காட்டும் முறையில் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பகுதியில் உள்ள நடுகல் அல்லது வீரக்கல் ஒன்றைப் பார்வையிட்டு, அதில் பொறிக்கப்பட்டுள்ள உருவம், எழுத்து, ஊர்மக்கள் கூறும் செய்தி ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.
3. ஒக்கூர் மாசாத்தியார் பாடலில் வரும் மகன், களத்திற்குச் செல்லும் வழியில் எண்ணியவற்றை அவனே கூறுவதுபோல ஒரு பக்க அளவில் எழுதுக.
4. ‘புறப்பாடல்கள் போரைப் போற்றுகின்றன – போரின் துயரைப் புலப்படுத்துகின்றன’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

சிந்தனை வினாக்கள்

1. பரணர் அரசர்களின் இறப்பை இறுதியில் கூறுவதன் பொருத்தப்பாட்டை விளக்குக.
2. போரின் பயனின்மையை உணர்த்தக் கோவூர்கிழார் பயன்படுத்தும் சான்றுகளை எடுத்துரைக்க.
3. நெடுநல்வாடை, முல்லைப்பாட்டு ஆகியவற்றில் உறங்காத அரசன் வாயிலாக வெளிப்படும் உணர்வுகளை ஒப்பிடுக.
4. அரிசில்கிழார் பாடலில் மனைவி தன் கணவனைக் குறிப்பிடும் முறை, படைவீரனின் வாழ்வை எவ்வாறு புலப்படுத்துகிறது?